பொடி எழுத்தில் இருப்பது

சார்ஜர், கேபிள், பவர் பேங்க் போன்ற சில்லறைச் சாமான்களைப் பற்றி எழுதுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புதுப் போன் வந்தால் பக்கம் பக்கமாக விமர்சனம் வரும்; அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிளுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். போன் வாங்குமுன் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். கேபிள் வாங்கும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குவதில் ஒன்றை உருவிக்கொண்டு வந்துவிடுகிறோம். எத்தனையோ வீடுகளில் இருப்பது ஒரே போன். பிள்ளையின் பாடம், பாட்டியின் பென்ஷன் குறுஞ்செய்தி, காஸ் புக்கிங், கூலிப் பணம் எல்லாம் அதில்தான். அந்தப் போனைக் கெடுக்கக்கூடிய பொருள் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. இரண்டாவது போன் வாங்க வழியில்லாதவருக்குத்தான் இந்தச் சில்லறைச் சாமான் விமர்சனம் அதிகம் தேவை. அவரை மனத்தில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை.

*

சார்ஜரைக் கையில் எடுத்ததும் பின்பக்கம் திருப்புங்கள். கண்ணை இடுக்கினாலும் தெரியாத பொடி எழுத்து இருக்கும். போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் படிக்கலாம். அதில் ‘அவுட்புட்’ வரிதான் முக்கியம். 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர் என்று ஜோடி ஜோடியாகப் போட்டிருக்கும். ஜோடியைப் பெருக்கினால் வாட் வரும். ஒன்பதை 2.22-ஆல் பெருக்கினால் 20. பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 65 என்று இருந்தாலும், பின்பக்கப் பெருக்கல் எங்கேயும் இருபதைத் தாண்டவில்லை என்றால் அது 20 வாட் சார்ஜர்தான்.

அதே இடத்தில் சில குறிகளும் இருக்கும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருந்தால் இரட்டைக் காப்பு கொண்டது, எர்த் பின் இல்லாமலே பாதுகாப்பாக இருக்கும்படி வடிவமைத்தது என்று பொருள். வீட்டுப் படம் போட்டிருந்தால் வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டியது. மழைச் சாரல் படும் வராண்டா பிளக்கில் அதைச் செருகக் கூடாது.

வட்டத்துக்குள் ரோமன் எண் ஆறு இருந்தால் அது மின்சிக்கன அளவு. இந்த அளவைச் சேர்ந்த போன் சார்ஜர், போன் மாட்டாமல் சும்மா பிளக்கில் இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. வருடம் முழுக்கக் கழற்றாமல் விட்டாலும் ஒரு யூனிட் ஆகாது. ‘சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டால் கரண்ட் பில் எகிறும்’ என்ற பயம் தேவையில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே கழற்றிவிடுங்கள். அதற்குக் காரணம் மின்னல்.

*

இன்னும் ஒன்று பார்க்க வேண்டும்: பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண். மின்னணுப் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு என்ற ஆணை 2012-இல் வந்தது. பிறகு பட்டியல் நீண்டு, பவர் பேங்கும் அதில் சேர்ந்தது. ‘ஆர்’ என்ற எழுத்தும் அதன் பின் எட்டு இலக்கங்களும் பொருளின் மேல் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால், யார் பெயரில் எந்தப் பொருளுக்குப் பதிவானது என்று வரும். அடுத்தவர் எண்ணைத் தூக்கித் தங்கள் பொருளில் அச்சடிப்பவர்களும் உண்டு. அதனால் எண் இருக்கிறதா என்பதோடு விடாமல், பிராண்டின் பெயரும் பொருளும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். கடையில் நின்றபடியே செய்துவிடலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

*

போலி சார்ஜரில் என்ன குறை என்று கேட்பவர்களுக்கு உள்ளே இருக்கும் ஓர் இடைவெளியைத்தான் காட்டுவேன். சார்ஜருக்குள் இரண்டு உலகங்கள். ஒருபக்கம் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட். மறுபக்கம் நம் கைக்கு வரும் 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவே போதுமான தூரம் விட்டாக வேண்டும். கென் ஷிரிஃப் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2012 வாக்கில் பல சார்ஜர்களைப் பிரித்துப் பார்த்து விரிவாக எழுதினார். அசலில் அந்த இடைவெளி ஐந்து மில்லிமீட்டருக்கு மேல். போலியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு துளி ஈரம் போதும், 230 வோல்ட் இந்தப் பக்கம் தாண்டிவிடும். சார்ஜில் போட்டபடி பேசுகிறவரின் காதில்தான் அது இறங்கும்.

2016-இல் யூ.எல். என்ற பரிசோதனை நிறுவனம் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதித்தது. 99 சதவீதம் தேறவில்லை. தேறாதவை எல்லாமே போனைச் சார்ஜ் செய்யக்கூடியவை என்று வைத்துக்கொண்டாலும் நிலைமை மாறாது. சார்ஜ் ஏறுகிறது என்பது மட்டும் ஒரு சார்ஜருக்குச் சான்றிதழ் ஆகாது.

*

கேபிளுக்கு வருகிறேன். இங்கேதான் சொல்ல நிறைய இருக்கிறது.

கேபிளுக்குள் ஓடுவது செம்புக் கம்பி. கம்பியின் பருமனுக்கு ஓர் எண் உண்டு. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். மலிவு கேபிள்களில் 28-ஆம் எண் கம்பி சாதாரணம். அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். இரண்டு மீட்டர் கேபிள் என்றால் மின்சாரம் போக இரண்டு, திரும்ப இரண்டு, ஆக நாலு மீட்டர். 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.7 வோல்ட் கரைந்துவிடும். சார்ஜரிலிருந்து ஐந்தாகக் கிளம்பியது போனுக்கு 3.3 ஆகப் போய்ச் சேர்ந்தால் எப்படி ஏறும்? போன் தானாகவே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் சார்ஜரைத் திட்டுவார்கள். அதே நீளத்தில் 24-ஆம் எண் கம்பி இருந்தால் இழப்பு 0.7 வோல்ட்டுக்குள் அடங்கும். வேகமாகச் சார்ஜ் செய்யும் முறைகள் பலவும் வோல்ட்டை ஒன்பதுக்கு உயர்த்துவதன் காரணமும் இதுதான்: வோல்ட் கூடினால், அதே வாட்டுக்கு ஆம்பியர் குறைவாகப் போதும், ஆம்பியர் குறைந்தால் கம்பியில் வீணாவதும் குறையும்.

ஆகவே படுக்கையிலிருந்து எட்ட வேண்டும் என்று மூன்று மீட்டர் கேபிள் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முடிந்தவரை ஒரு மீட்டரே வாங்குங்கள். நீளம் தேவையென்றால் எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

*

டைப் சி கேபிள்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இணைப்பானில் 24 முனைகளுக்கு இடம் உண்டு. எத்தனைக்குக் கம்பி இழுத்திருக்கிறார்கள் என்பது வெளியில் தெரியாது. இருபக்கமும் டைப் சி உள்ள முறையான கேபிள் எதுவும் 3 ஆம்பியர் தாங்க வேண்டும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல், 5 ஆம்பியர் போக வேண்டுமென்றால் கேபிளின் தலைக்குள் ஒரு சின்ன சில்லு இருக்க வேண்டும். ‘நான் ஐந்து தாங்குவேன்’ என்று சார்ஜரிடம் சொல்வது அந்தச் சில்லுதான். அது இல்லாத கேபிளை 100 வாட் சார்ஜரில் மாட்டினால் லேப்டாப்புக்கு 60-தான் கிடைக்கும். இன்றைய விதிமுறையின் உச்சம் 240 வாட், 2021-இல் வந்தது.

மின்சாரம் ஒரு கதை, தகவல் வேறொரு கதை. 100 வாட் தாங்கும் தடித்த கேபிள்கூடத் தகவலைப் பழைய யூ.எஸ்.பி. 2.0 வேகத்தில், அதாவது விநாடிக்கு 480 மெகாபிட்டில்தான் கடத்தும்படி இருக்கலாம். போன் பெட்டியோடு வருகிற கேபிள்களில் மிகப் பல அப்படித்தான். கல்யாண வீடியோவைக் கணினிக்கு மாற்ற அரை நாள் ஆகிறது என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். இன்னும் மலிவான சிலவற்றில் தகவல் கம்பியே கிடையாது. சார்ஜ் மட்டும் ஏறும், கணினி போனைக் கண்டுகொள்ளாது.

சான்று பெற்ற கேபிள்களில் வாட்டையும் வேகத்தையும் முத்திரையாகப் போட யூ.எஸ்.பி. அமைப்பு வழி செய்திருக்கிறது. கேபிளின் தலையில் 60 அல்லது 240 என்ற எண் அச்சாகியிருக்கும். இதைப் போட்டவருக்கு என் விமர்சனத்தில் முதல் இடம். நைலான் பின்னல், தங்க முலாம், மின்னும் விளக்கு எல்லாம் பிறகுதான்.

*

கேபிள் விமர்சனம் என்ற துறைக்கே மரியாதை தேடித்தந்தவர் பென்சன் லுங். கூகுளில் பொறியாளர். 2015 இறுதியில், டைப் சி புதிதாகப் பரவிய காலத்தில், இணையக் கடையில் விற்ற கேபிள்களைத் தன் கைக்காசில் ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, எது விதிப்படி உள்ளது, எது இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். அவர் தேடியது ஒரு மின்தடையத்தை. ஒருபக்கம் பழைய தட்டை முனையும் மறுபக்கம் டைப் சியும் உள்ள கேபிளில் 56 கிலோஓம் இருக்க வேண்டும். பலர் 10 கிலோஓம் வைத்திருந்தார்கள். இதனால் போன், எதிரில் இருப்பது 3 ஆம்பியர் தரக்கூடிய சார்ஜர் என்று நம்பி, பாவம் ஒரு பழைய யூ.எஸ்.பி. துளையிலிருந்து அவ்வளவையும் இழுக்கப் பார்க்கும். 2016 பிப்ரவரியில் தப்பாகக் கம்பி இணைத்திருந்த ஒரு கேபிள், அவர் சோதனைக்கு வைத்திருந்த லேப்டாப்பையே கெடுத்துவிட்டது. அதன் பிறகு அந்த இணையக் கடை விதிக்கு உட்படாத டைப் சி கேபிள்களை விற்கத் தடை போட்டது.

ஒருவர் பொறுமையாக அளந்து, அளந்ததை எழுதியதால் ஒரு சந்தையே திருந்தியது. விமர்சனம் என்றால் எனக்கு இதுதான்.

*

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் போன், டேப்லெட், ஹெட்போன் எல்லாவற்றுக்கும் டைப் சி துளை கட்டாயம். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28. ஆப்பிளும் 2023-இல் ஐபோன் 15-இலிருந்து டைப் சிக்கு வந்துவிட்டது. துளை ஒன்றானதில் சந்தேகமில்லாமல் நன்மைதான். ஆனால் வேகமாக ஏற்றும் முறை இன்னும் ஒன்றாகவில்லை. 80 வாட் என்று விற்கும் பல போன்கள் தங்கள் சொந்த சார்ஜர், சொந்த கேபிள் இரண்டும் சேர்ந்தால்தான் அந்த வேகத்தைத் தரும். வேறு சார்ஜரில் மாட்டினால் ஏறும், நிதானமாக ஏறும். வீட்டில் நாலு பேர் நாலு கம்பெனி போன் வைத்திருந்தால், ‘பி.டி.’, ‘பி.பி.எஸ்.’ என்ற பொதுவான வேகச் சார்ஜ் முறைகள் இரண்டையும் ஆதரிக்கும் ஒரு நல்ல பொது சார்ஜர் வாங்குவது மேல்.

*

‘சார்ஜ் ஏறல’ என்று கடைக்கு வரும் போன்களில் ஒரு பகுதிக்கு நோய் வெறும் தூசு. சட்டைப்பையின் பஞ்சு துளைக்குள் சேர்ந்து கெட்டித்துப்போய், பின் முழுதாக உள்ளே போகாது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறி எடுத்தால் போதும். ஊக்கு, குண்டூசி வேண்டாம். உள்ளே இருக்கும் முனைகளைச் சிராய்த்துவிடும். புதுக் கேபிள் வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

*

உலோக உடம்பு கொண்ட லேப்டாப்பைச் சார்ஜில் போட்டபடி விரலால் வருடினால் ‘சுர்’ரென்று ஒரு அதிர்வு தெரியும். டெஸ்டர் வைத்தால் எரியும். ஷாக் அடிக்கிறது என்று பலர் பதறுகிறார்கள். சார்ஜருக்குள் மின்னிரைச்சலை அடக்க ஒரு சிறு மின்தேக்கி, 230 வோல்ட் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் இணைத்து வைத்திருக்கும். அதன் வழியே கசியும் நுண்ணிய மின்சாரம்தான் அது. நல்ல சார்ஜரில் அளவு மிகக் குறைவு, ஆபத்தில்லை. எர்த் இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். மூன்று பின் வயர் போட்டும் அதிர்வு இருந்தால், உங்கள் வீட்டு பிளக்கில் எர்த் கம்பி இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. அன்றே எலக்ட்ரீஷியனை அழையுங்கள். லேப்டாப்பை விடுங்கள், குளிர்சாதனப் பெட்டிக்கும் கிரைண்டருக்கும் அதே எர்த்தான்.

*

பவர் பேங்க். 10,000 எம்ஏஎச் வாங்கி, 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை முழுதாக ஏற்றலாம் என்று எதிர்பார்க்கிறார்கள், ஒன்றரையைத் தாண்டுவதில்லை, ஏமாற்றிவிட்டான் என்கிறார்கள். ஏமாற்றாமலும் இப்படித்தான் இருக்கும். 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. பெருக்கினால் 37 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டாக உயர்த்தும்போது அதே ஆற்றல் 7,400 எம்ஏஎச் ஆகிறது. மாற்றும் சுற்றிலும் கேபிளிலும் போனுக்குள்ளும் இன்னும் கொஞ்சம் சூடாகப் போகும். நேர்மையான கம்பெனி ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று ஐயாயிரத்துச் சொச்சத்தையோ ஆறாயிரத்துச் சொச்சத்தையோ பொடி எழுத்தில் தனியாகப் போட்டிருக்கும். அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். அது எங்கேயும் இல்லாத பவர் பேங்கை நான் பரிந்துரைப்பதில்லை.

விமானத்தில் கொண்டுபோக 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம். கைப்பையில் மட்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடவே கூடாது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிறவர்கள் பெட்டியைக் கட்டும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டுவிடலாம்.

இந்தக் கெடுபிடி வீணல்ல. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் புசான் விமான நிலையத்தில் கிளம்பத் தயாராக நின்ற ஒரு விமானம் தீப்பிடித்தது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணை சொன்னது. மார்ச் முதல் தேதியிலிருந்து அந்த நாட்டு விமானங்களில் பவர் பேங்கைத் தலைக்கு மேலுள்ள அலமாரியில் வைக்கத் தடை. ஜூன் 28 முதல் சீனா, தன் நாட்டுத் தரமுத்திரை இல்லாதவற்றை உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை. அதே மாதம் அமெரிக்காவில் ஆங்கர் நிறுவனம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்குகளைத் திரும்பப் பெற்றது. பேர்பெற்ற பிராண்டுக்கே இந்த நிலை என்றால், பெயரே இல்லாத பெட்டிக்குள் என்ன செல் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மணல் பொட்டலம் வைத்துக் கனம் கூட்டிய பவர் பேங்குகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

வாங்கிய பின் கவனிக்க வேண்டியது ஒன்றே: வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள்.

*

டெம்பர்ட் கிளாஸ். ‘9 எச்’ என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரம் பத்து, இது ஒன்பது என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அது வேறு அளவுகோல், கனிமங்களுக்கானது. அந்த அளவுகோலில் கண்ணாடி ஏறக்குறைய ஆறு, மணலில் உள்ள குவார்ட்ஸ் ஏழு. மெரினா மணல் ஒட்டிய கைக்குட்டையால் துடைத்தால் எந்தக் கண்ணாடியிலும் கோடு விழும். கிளாஸ் ஒட்டுவது போன் விழும்போது முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளத்தான். அந்த வேலைக்குச் சாதாரண விலைக் கிளாஸே போதும்.

பேக் கவர்: ஓரம் திரையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கத்திரி வெயிலில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது கழற்றிவிடுங்கள். பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி.

*

ஹெட்செட்டைப் பொறுத்தவரை என் சார்பு வயர் பக்கம். காதுக்குள் வைக்கும் வயரில்லா இயர்பட் ஒவ்வொன்றிலும் நகத்தளவு பேட்டரி இருக்கிறது. பெரும்பாலும் ஒட்டி மூடியது. இரண்டு மூன்று வருடத்தில் அது தளர்ந்தால் மாற்ற வழியில்லை, மொத்தமாகக் குப்பை. வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாணவர்களுக்கு வாங்கித் தருவதென்றால் மைக் உள்ள வயர் ஹெட்செட்டே நல்லது. தொலையாது, சார்ஜ் தீராது, பேச்சு தடங்கலின்றிக் கேட்கும்.

எந்த ஹெட்செட்டானாலும் கவனிக்க வேண்டியது சத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபலுக்கு ஏறினால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். பஸ் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்பவர்கள் தெரியாமலே இந்த இரண்டாவது கணக்குக்குள் போய்விடுகிறார்கள். இரைச்சலை அடக்கும் ஹெட்செட்டை ஆடம்பரம் என்று நினைத்தவன் இல்லை நான். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்க அது உதவுகிறது. காதை அடைத்துக்கொள்ளும் ரப்பர் முனை சரியான அளவில் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

*

விசைப்பலகை என்றதும் டி.வி.எஸ். கோல்டு ஞாபகத்துக்கு வராத கணினிக்காரர் என் வயதில் குறைவு. வங்கிக் கவுன்டர், ரயில்வே முன்பதிவு, டி.டி.பி. சென்டர் எங்கும் அந்தக் கடகட சத்தம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச், செர்ரி நிறுவனத்தின் நீல வகை. விளையாட்டுக்காரர்கள் இன்று ‘மெக்கானிக்கல்’ என்று பல ஆயிரம் கொடுத்து வாங்குவதை நம் ஊர்த் தட்டச்சர்கள் எப்போதோ சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் நிறைய அடிப்பவர் விசைப்பலகை வாங்கும்போது தனியாகப் பார்க்க வேண்டியது உண்டு. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. நடு வரிசையில் அ, இ, உ இடப்பக்கம். க, ப, ம, த, ந, ய வலப்பக்கம். க-வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ஆக, ஒரே விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டும் வேலை தமிழில் ஓயாமல் வருகிறது. வலப்பக்க விசைகள் சீக்கிரம் மீளாமல் அமுங்கி நின்றால் பக்கத்துக்குப் பத்துப் பிழை விழும். கடையிலேயே க, ப, த விசைகளை வேகமாக இரட்டையாகத் தட்டிப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் சோதித்து எழுதிய எந்த விமர்சனத்திலும் இது இருக்காது. விசையின் மேல் தமிழ் எழுத்து அச்சான பலகை கிடைப்பது இன்றும் அரிது. ஸ்டிக்கர் வாங்கி ஒட்டத்தான் வேண்டியிருக்கிறது. இத்தனை கோடிப் பேர் பேசும் மொழிக்கு இது போதாது.

*

லேப்டாப் ஸ்டாண்டு: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், அவ்வளவே. ஆனால் ஸ்டாண்டு வாங்கினால் தனி விசைப்பலகையும் மவுஸும் கூடவே வாங்க வேண்டும். உயரத்தில் இருக்கும் லேப்டாப்பிலேயே கைதூக்கித் தட்டினால் கழுத்து தப்பித்துத் தோள் மாட்டிக்கொள்ளும்.

மவுஸில் டி.பி.ஐ. எண்ணைப் பார்க்காதீர்கள். உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

*

சில நூறு ரூபாய்க்கு 2 டெராபைட் பென்டிரைவ் என்று விளம்பரம் வந்தால் அது நிச்சயம் பொய். உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜி.பி. நினைவகம். கட்டுப்படுத்தும் சில்லு மட்டும் கணினியிடம் 2 டெராபைட் என்று சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். கோப்புகளைப் போட்டால் பெயர்கள் வரிசையாகத் தெரியும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் போட்டவை எங்கும் பதியாது, அல்லது பழையதை அழித்துக்கொண்டு உட்காரும். மாதங்கள் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியவரும். ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, ‘எஃப்3’ என்ற இலவச நிரல்கள் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும். புது மெமரி கார்டில் குழந்தையின் முதல் பிறந்தநாளைப் பதியுமுன் இதை ஓட்டிவிடுங்கள்.

64 ஜி.பி. வாங்கி 59.6 காட்டினால் கவலை வேண்டாம். ஆயிரத்தால் பெருக்கும் கணக்குக்கும் 1,024-ஆல் பெருக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாடு அது.

மெமரி கார்டில் ‘வி30’ இருந்தால் விநாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும், வீடியோவுக்கு அது. போனில் செயலிகளை வைக்க ‘ஏ1’ அல்லது ‘ஏ2’ பாருங்கள்.

*

எக்ஸ்டென்ஷன் பெட்டி எல்லாம் ஸ்பைக் தடுக்காது. சிவப்பு விளக்கும் ஃப்யூஸும் இருப்பதால் மட்டும் அந்தப் பெயர் பொருந்தாது. மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது அதைத் தன் வழியே திருப்பிவிடும் வேரிஸ்டர் என்ற சிறு வில்லை உள்ளே இருக்க வேண்டும். எத்தனை ஜூல் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். அந்த வில்லை ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேய்கிறது. வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் பழைய பெட்டியில் பாதுகாப்பு தீர்ந்துபோயிருக்கலாம். கணினிக்கான பெட்டியில் இஸ்திரிப் பெட்டியையோ வாட்டர் ஹீட்டரையோ மாட்டவே கூடாது. 6 ஆம்பியர் பெட்டியின் எல்லை 1,400 வாட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

*

இணையக் கடையில் நட்சத்திரங்களை எப்படிப் படிப்பது? ஐந்துகளை விட்டுவிடுவேன். மூன்று கொடுத்தவர்கள் எழுதியதைப் படிப்பேன்; என்ன பிடித்தது, எது போனது என்று இரண்டையும் அவர்கள்தான் சொல்கிறார்கள். வாங்கிய மறுநாள் எழுதிய புகழ்ச்சியைவிட ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து எழுதிய இரண்டு வரி பெரிது. கேபிள் அறுவது கழுத்தில், பின்னுக்குச் சற்றுக் கீழே. அது முதல் வாரத்தில் தெரியாது. 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை இந்தியா கொண்டுவந்தது. காசு வாங்கி எழுதியதைக் காசு வாங்கி எழுதியது என்று சொல்ல வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் அது விருப்பத்தின் பேரிலானது, கட்டாயமில்லை. கட்டாயமாக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் பல வருடமாகக் கடை வைத்திருக்கும் ஒருவர், கேபிள் கேட்டு வந்த கல்லூரிப் பையனிடம், “தம்பி, இது நூத்தி இருபது, ஆறு மாசம் ஓடும். அது நானூறு, ரெண்டு வருசம் நான் பொறுப்பு. லேப்டாப்புக்குன்னா அதை எடு, போனுக்குன்னா இதுவே போதும்” என்றார். பையன், “சரிண்ணே, ரெண்டுலயும் ஒண்ணு குடுங்க” என்று பில் போட்டு வாங்கிப் போனான். என் பார்வையில் அது ஒரு முழுமையான விமர்சனம்.

*

வீங்கிய பேட்டரியை, அது பவர் பேங்கானாலும் பழைய போனானாலும், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் வேண்டாம். நசுக்கும் லாரியில் அது தீப்பிடிக்கும். உலோகத் தட்டிலோ மண்சட்டியிலோ, எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். 2022-இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. வாங்கும்போது பில் வாங்குங்கள், பொடி எழுத்தைப் படியுங்கள், வீட்டில் ஏற்கெனவே நல்ல கேபிள் இருந்தால் இன்னொன்று வாங்காதீர்கள்.